சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா? போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்?

பொன்மலை_பாபு (கேள்வி)

வணக்கம். அப்பா அம்மாவுக்குத் திருச்சி – சிங்கப்பூர் – நியூயார்க் டிக்கெட் பார்க்கிறேன். இரண்டாவது கட்டம் சாங்கியிலிருந்து (சிங்கப்பூர் விமான நிலையம்) ஜேஎஃப்கே (நியூயார்க் விமான நிலையம்) வரைக்கும் நடுவில் எங்கும் இறங்காத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம். எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்கிறது.

தூரம் ஓரிடத்தில் 15,349, ஓரிடத்தில் 15,330 சொச்சம், இன்னோரிடத்தில் 9,537, வேறோரிடத்தில் 8,288. பக்கத்திலிருக்கும் நியூவர்க்குக்குப் போகும் இதே நிறுவனத்தின் விமானத்தைப் பற்றிய செய்திக்குறிப்பில் சுமார் 16,700 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். நியூவர்க்குக்கும் ஜேஎஃப்கேவுக்கும் நடுவில் ஆயிரம் கி.மீ. இருக்க வாய்ப்பில்லையே?

நேரமும் புரியவில்லை. ஜேஎஃப்கே சேவை 2020 நவம்பரில் தொடங்கியபோது வந்த அட்டவணைப்படி சிங்கப்பூரில் 02:25-க்குக் கிளம்பி அதே நாள் 07:30-க்கு நியூயார்க். பார்த்தால் ஐந்து மணி நேரம் மாதிரி இருக்கிறது! திரும்பி வரும்போது இரவு 22:30-க்கு ஏறி இரண்டு நாள் கழித்துக் காலை 06:10. கணக்குப் போட்டால் போக 18 மணி 5 நிமிடம், வர 18 மணி 40 நிமிடம் என்கிறார்கள். பூமி சுற்றுவதால் வரும் வித்தியாசமா?

கடைசியாக ஒன்று: திருச்சிக்காரர்களுக்குச் சிங்கப்பூர் வழி சுற்று வழியா?

---

கோள_கணக்கு

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். 15,349, 9,537, 8,288 மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கி.மீ., சாதாரண மைல் ஒன்றுக்கு 1.609 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், ஒன்றில் வந்து நிற்கும். பல தளங்கள் அலகைச் சின்ன எழுத்தில் ஓரமாகப் போட்டுவிடுவதால் வரும் குழப்பம்.

15,330 சொச்சத்துக்கும் 15,349-க்கும் நடுவிலிருக்கும் இருபது கி.மீ. பூமியை எந்த வடிவமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில் வருகிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சாங்கி: வடக்கு 1.3592 பாகை, கிழக்கு 103.9894 பாகை.
ஜேஎஃப்கே: வடக்கு 40.6398 பாகை, மேற்கு 73.7789 பாகை. மேற்கு என்பதால் கழித்தல் குறி போட வேண்டும்.

தீர்க்கரேகை வித்தியாசம் 177.7683 பாகை. பிறகு,

கொசைன்(தூரக் கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

முதல் பெருக்கல் 0.01545, இரண்டாவது –0.75803. கூட்டினால் –0.74258. அதன் தலைகீழ் கொசைன் 137.95 பாகை.

இந்த 137.95-ஐ எதனால் பெருக்குகிறீர்கள் என்பதில்தான் தளங்கள் பிரிகின்றன. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்ற மாலுமிக் கணக்கில் 8,277 கடல் மைல், அதாவது 15,329 கி.மீ. பூமி 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டை என்றால் 15,340. துருவத்தில் தட்டையாகவும் நடுவில் உப்பியும் இருக்கும் உண்மை வடிவத்தில் போட்டால் 15,348-ஐ ஒட்டி வரும். ஆக 15,349 தான் கறாரான விடை. மற்றவையும் தப்பில்லை. பதினைந்தாயிரத்தில் இருபது கி.மீ. என்பது விமானத்துக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

எக்செல் மாதிரி விரிதாளில் போடுகிறவர்கள் வழக்கமாக மூன்று இடத்தில் சறுக்குவார்கள். பாகையை ரேடியனாக மாற்றாமல் சைன் போடுவது. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி விடுவது. இங்கே விட்டால் வித்தியாசம் 30 பாகையாகி நியூயார்க் ஏதோ மத்திய ஆசியாவுக்கு வந்துவிடும். மூன்றாவது, 40 பாகை 38 கலை என்பதை 40.38 என்று அடிப்பது. கலையை 60-ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின் எழுத வேண்டும், அதனால் அது 40.63.

16,700-க்கு வருகிறேன். மேலே போட்டது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய வழி. 16,700 என்பது விமானம் பறப்பதாகத் திட்டமிட்ட வழியின் நீளம். நியூவர்க்கின் பெருவட்டத் தூரமும் ஜேஎஃப்கேயிலிருந்து சில கி.மீ.தான் வேறுபடும், உங்கள் சந்தேகம் சரியே. அந்த 1,350 கி.மீ. கூடுதல் எதற்கு என்பதை விமானத் திட்டம் போடுகிறவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நான் வடிவக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சாங்கியில் நின்று அந்த நூல் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால், கிழக்குமில்லை மேற்குமில்லை, ஏறக்குறைய நேர் வடக்கு. வடக்கிலிருந்து இரண்டரை பாகை மட்டும் மேற்கே சாய்வு. சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வடதுருவத்தை 300 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உரசிக்கொண்டு போய், கனடா வழியாக இறங்குகிறது. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 180 என்பதால் இப்படி. ஆகவே கிழக்கே வளைந்தாலும் மேற்கே வளைந்தாலும் கூடுதல் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான்:

டோக்கியோ நரிட்டாவுக்கு மேலாகப் போனால் 5,357 + 10,830 = சுமார் 16,190 கி.மீ.
லண்டன் ஹீத்ரோவுக்கு மேலாகப் போனால் 10,880 + 5,540 = சுமார் 16,420 கி.மீ.

ஒன்று ஐந்தரை சதவீதம் கூடுதல், மற்றது ஏழு சதவீதம். உலகின் எதிரெதிர்ப் பக்கம் போகும் வழிகளுக்குள் வித்தியாசம் வெறும் 230 கி.மீ. சென்னை – லண்டன் மாதிரித் தடத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பசிபிக் பக்கம் திரும்ப யாரும் யோசிக்கக்கூட முடியாது.

---

ஏழரை_நாட்டு_விமானி

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுத்துது. விமானம் மேலே நிக்கும்போது கீழே ஊர் நகர்ந்து வந்துடும். அதான் ஒரு பக்கம் நேரம் கம்மி. இதுக்கு இவ்ளோ கணக்கா?

---

டிஸ்பாட்ச்_மேசை

மேலே உள்ள நண்பருக்கு: அப்படியென்றால் ஒரு ஹெலிகாப்டர் மெரினாவுக்கு மேலே ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால் அரபிக்கடல் நடுவில் இறங்க வேண்டும். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, காற்றும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. பூமியின் சுழற்சிக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வருவது ஜெட் காற்று வழியாக. வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த வடக்குக்கும் இடையே காற்று நகரப் பார்க்கும்போது, சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் நடு அட்சங்களில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் நடுப்பகுதி மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம்.

இப்போது பாபுவின் கேள்வி. இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 பறக்கும் வேகம் மாக் 0.85, அதாவது ஒலி வேகத்தில் 85 சதவீதம். அந்த உயரத்தின் குளிரில் அது காற்றுக்குள் மணிக்கு சுமார் 900 கி.மீ. தரையைப் பொறுத்த வேகம் வேறு: பின்காற்று இருந்தால் கூட்ட வேண்டும், எதிர்க்காற்று இருந்தால் கழிக்க வேண்டும். சராசரியாக 50 கி.மீ. பின்காற்று கிடைக்கும் 16,190 கி.மீ. வழி, 950-ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம். சராசரி 50 கி.மீ. எதிர்க்காற்று உள்ள 15,340 கி.மீ. வழி, 850-ஆல் வகுத்தால் 18 மணி 3 நிமிடம். குறுகிய வழியில் போனவர் ஒரு மணி நேரம் பின்னால் வருகிறார்.

காகிதக் கணக்காகத் தெரிந்தால் நடந்ததைச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கி.மீ., பசிபிக் வழி சுமார் 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகம் பறந்தும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியை விட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சீக்கிரம். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள், தரை வேகம் மணிக்கு 1,055 வருகிறது.

சிங்கப்பூர் – நியூயார்க்கில் இது இன்னும் சுவாரஸ்யம். போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக் வழியே கிழக்கே போகலாம். திரும்பும்போது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியே, அதுவும் கிழக்கேதான். இரண்டு பக்கமும் பின்காற்று! பல நாட்களில் இதையே செய்கிறார்கள். போய்த் திரும்பும் பயணி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார். ஆனால் இரண்டும் சமமில்லை. பசிபிக் பக்கம் ஜெட் காற்று வலுவாகவும் நீளமாகவும் கிடைக்கும். அட்லாண்டிக் பக்கம் ஐரோப்பா வரைக்கும் நன்றாகத் தள்ளும். அதன் பிறகு தெற்கே திரும்பி வெப்ப மண்டலத்துக்குள் இறங்கிவிட்டால் அந்தத் துணை இல்லை. வழியும் சற்று நீளம். நடுவே மூடிய வான்பரப்புகளைச் சுற்ற வேண்டியும் வரலாம். 18:05-க்கும் 18:40-க்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே தேடுங்கள்.

சரி, நூல் இழுத்த மாதிரித் துருவத்துக்கு மேலேயே போனால் என்ன? போகலாம், விதிமுறை உண்டு. ஆனால் கையைக் கட்டும் விஷயங்கள் மூன்று.

வான்பரப்பு. அந்த நேர்வழி சைபீரியாவைக் கடக்கிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய வான்பரப்பு பல நாட்டு நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏருக்கு 13 மணி நேரமானது இதனால்தான். திறந்திருப்பவர்களுக்கும் தொல்லை உண்டு. 2023 ஜூனில் டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ விமானம் ஒன்று இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. பயணிகளை மீட்க இன்னொரு விமானம் அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே தடத்து விமானம் கிராஸ்னயார்ஸ்க்கில் இறங்கியது. திட்டம் போடும்போது வழியிலுள்ள ஒவ்வொரு மாற்று விமான நிலையத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்: இறங்கினால் படுக்க இடமிருக்கிறதா, உதிரிபாகம் வந்து சேருமா, கிளம்ப அனுமதி கிடைக்குமா.

குளிர். அமெரிக்காவில் நிரப்புவது பெரும்பாலும் ஜெட் ஏ என்ற விமான எண்ணெய், அதன் உறைநிலை வரம்பு –40 பாகை. மற்ற இடங்களில் கிடைக்கும் ஜெட் ஏ-1-க்கு –47. வெளியே –70 இருந்தாலும் மாக் 0.85 வேகத்தில் காற்று உரசி அழுந்துவதால் இறக்கை உணரும் வெப்பம் –41 அளவில் இருக்கும். மணிக்கணக்கில் அப்படிப் பறந்தால் தொட்டியிலுள்ள எண்ணெயும் அதை நோக்கி இறங்கும். வரம்பை நெருங்கினால் விமானி கீழே வெதுவெதுப்பான அடுக்குக்கு இறங்குவார் அல்லது வேகத்தைக் கூட்டுவார். இரண்டுக்கும் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு இந்த ஏழு பாகை வித்தியாசம் பெரிய விஷயம்.

எடை. இந்தத் தடத்துக்கென்றே வந்த ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச், மிக நீண்ட தூரம்) ரகம் 1,65,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். சாதாரண ஏ350-900-க்கு 1,41,000. கூடுதல் தொட்டி வைக்கவில்லை, எரிபொருள் அமைப்பைத் திருத்தி இடம் பிடித்தார்கள். நிரம்பினால் எண்ணெய் மட்டுமே சுமார் 132 டன், மொத்தம் ஏறக்கூடிய 280 டன்னில் கிட்டத்தட்ட பாதி. முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. இருக்கை 161 மட்டும்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. காற்று மோசமான நாளில் எண்ணெய் கூட வேண்டுமென்றால் அந்த எடையை வேறு எங்காவது குறைத்தாக வேண்டும். முதலில் சரக்கு இறங்கும். மிக நீண்ட தடங்களில் பெட்டி மறுநாள் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

வழி தினமும் மாறும். கிளம்பச் சில மணி நேரம் முன்பு வரும் காற்று முன்னறிவிப்பை வைத்து நான்கைந்து வழியைக் கணினியில் ஓட்டி, நேரம், எண்ணெய், வான்பரப்புக் கட்டணம் மூன்றும் சேர்ந்து மலிவாக வரும் ஒன்றை எடுப்போம். அதனால் “எத்தனை கி.மீ. பறக்கும்” என்பதற்கு நிலையான விடை கிடையாது. 16,700-ஐ ஒரு பொதுவான எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

---

பொன்மலை_பாபு

அருமை சார், கோள_கணக்கு அண்ணனுக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம். 16,190-ஐ 950-ஆல் வகுத்து 17 மணி வருகிறது என்றால் அட்டவணையில் ஏன் 18:05? ஒரு மணி நேரம் எங்கே போனது?

---

டிஸ்பாட்ச்_மேசை

நான் வகுத்துக் காட்டியது வெறும் நடுப்பறப்பு, அதுவும் டோக்கியோவுக்கு மேல் நேர்கோடு இழுத்த கற்பனை வழி. உண்மையான வழி அதைவிட நெளியும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்குக் கால் மணி நேரம் கூட்டுங்கள். மீதி தரையில்.

அட்டவணையிலுள்ள நேரம் பிளாக் டைம். கேட்டை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து போய்ச் சேர்ந்த கேட்டில் சக்கரம் நிற்கும் வரை. அதில் டாக்ஸி (விமானம் தரையில் ஊர்ந்து போவது), ஓடுபாதைக்கு முன் வரிசை, இறங்கியபின் கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அடக்கம். ஜேஎஃப்கேயில் இரவு பத்து மணி வாக்கில் ஐரோப்பா, ஆசியா போகிறவை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அரை மணி வரிசையில் நிற்பது அங்கே சர்வ சாதாரணம். திரும்பும் 18:40-ல் அதுவும் இருக்கிறது. அதற்கு மேல் தாமதத்தைத் தாங்கக் கொஞ்சம் பஞ்சு வைத்துத்தான் அட்டவணை போடுவார்கள்.

எந்த இரண்டு ஊருக்கும் கையால் ஒரு மதிப்பு வேண்டுமென்றால்: பெருவட்டத் தூரத்தோடு ஐந்து முதல் எட்டு சதவீதம் கூட்டுங்கள், கிழக்கே போனால் 930-ஆலும் மேற்கே போனால் 850-ஆலும் வகுங்கள், முக்கால் மணி நேரம் சேருங்கள். நடு அட்சத் தடங்களுக்கு அரை மணி நேரப் பிழைக்குள் வரும். சென்னை – ஹீத்ரோ 8,230 கி.மீ. ஆறு சதவீதம் கூட்டி 850-ஆல் வகுத்து முக்கால் மணி சேர்த்தால் 11 மணி நேரம் வருகிறதா? நிலநடுக்கோட்டுப் பக்கமே ஓடும் சென்னை – சிங்கப்பூர் மாதிரித் தடத்துக்குக் காற்றுத் திருத்தம் வேண்டாம், 880 வைத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க ஃபிளைட்ரேடார்24 அல்லது ஃபிளைட்அவேரில் எஸ்க்யூ 24 (போவது), எஸ்க்யூ 23 (திரும்புவது) என்று போட்டுக் கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். அங்கே காட்டும் பறந்த நேரம் பெரும்பாலும் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. அதை அட்டவணையோடு ஒப்பிட்டு “அரை மணி முன்னாடியே வந்துட்டான்” என்று சந்தோஷப்படக் கூடாது.

---

தில்லைநகர்_டிக்கெட்

பாபு தம்பி, கணக்கெல்லாம் இவங்க சொல்லிட்டாங்க. டிக்கெட் எடுக்கும்போது எங்க மாட்டும்னு நான் சொல்றேன்.

முதல்ல நேரம். டிக்கெட்ல எப்பவும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். கழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டு வாங்க. சிங்கப்பூர் 8 மணி முன்னாடி, நியூயார்க் குளிர்காலத்துல 5 மணி பின்னாடி. 02:25-லேர்ந்து 8 கழிச்சா முந்தின நாள் 18:25. 07:30-ஓட 5 கூட்டினா 12:30. இடைவெளி 18 மணி 5 நிமிஷம். திரும்பறது: 22:30-ஓட 5 கூட்டினா மறுநாள் 03:30. 06:10-லேர்ந்து 8 கழிச்சா அதே நாள் 22:10. ஆச்சா, 18:40.

அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறுலேர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க. அப்ப 5-க்குப் பதிலா 4. நம்ம ஊருக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்துல பத்தரை மணி, கோடையில ஒன்பதரை மணி வித்தியாசம். பிப்ரவரியில எடுத்த டிக்கெட்டை ஏப்ரல்ல பழைய வித்தியாசத்துல கணக்கு போட்டு, கூப்பிட வர்றவங்க ஒரு மணி நேரம் தப்பா வந்து நிக்கறது அடிக்கடி நடக்கும்.

அதைவிட மோசம் தேதி. ஞாயிறு 02:25 விமானம்னா சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கே சாங்கியில இருக்கணும். அதனால திருச்சியிலேர்ந்து கிளம்பற விமானம் சனிக்கிழமை விமானம். ஞாயித்துக்கிழமைக்கு எடுத்துட்டு “அதே தேதிதானே”ன்னு சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது. திரும்பற டிக்கெட்ல 06:10 பக்கத்துல +2-ன்னு இருக்கும். திங்கள் ராத்திரி ஏறினா புதன் காலையில சிங்கப்பூர். செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்துலேயே போயிடும், அன்னைக்கு விசேஷம் எதுவும் வெச்சுக்காதீங்க.

ரெண்டாவது, “டைரக்ட்”னு போட்டிருந்தா நிக்காம போகும்னு அர்த்தம் இல்ல. ஒரே நம்பர்ல நடுவுல இறங்கி ஏறறதும் டைரக்ட்தான். எஸ்க்யூ 26 அப்படித்தான், சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் – ஜேஎஃப்கே. தூரம் பெருசா கூடாது, 10,280-ம் 6,190-ம் சேர்ந்து 16,470 கி.மீ. ஆனா ஃபிராங்க்ஃபர்ட்ல எல்லாரும் கைப்பையோட இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனை. “நான்ஸ்டாப்”னு இருக்கான்னு பாருங்க. யூஎல்ஆர்ல எகானமியே கிடையாதுன்னு மேல சொன்னாங்க இல்ல? அதனால மலிவா எகானமி டிக்கெட் கண்ணுல பட்டா, அது எந்த விமானம், எங்க நிக்குதுன்னு ரெண்டு தடவை பாருங்க.

வயசானவங்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் நிறுத்தம் கெடுதல்னு நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு மணி நேரம் ஒரே இடத்துல கால் தொங்கப் போட்டு உட்கார்றதுக்கு நடுவுல ஒரு மணி நேரம் நடந்தா நல்லதுதான். ரத்தக்கட்டு வந்தவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்கன்னா டாக்டரைக் கேக்காம நான்ஸ்டாப் எடுக்காதீங்க. சர்க்கரைக்கு ஊசி போடறவங்க எந்த ஊர் நேரப்படி போடறதுன்னு முன்னாடியே எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையில வெச்சுக்கணும்.

மூணாவது, பிஎன்ஆர். திருச்சி – சிங்கப்பூர் தனியா, சிங்கப்பூர் – நியூயார்க் தனியான்னு ரெண்டு டிக்கெட்டா எடுத்தா மூவாயிரம் நாலாயிரம் மிச்சம் தெரியும். ஆனா பெட்டி நேரா நியூயார்க் போகும்னு உத்தரவாதம் கிடையாது. சாங்கியில குடிநுழைவு தாண்டி வெளிய வந்து பெட்டி எடுத்து மறுபடி செக்-இன் பண்ண வேண்டி வந்தா, உள்ள நுழைய அனுமதி வேணும். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிட்டா யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. ஒரே பிஎன்ஆர்ல எடுங்க, நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் விடுங்க.

---

கோள_கணக்கு

சுற்று வழியா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. திருச்சி – ஜேஎஃப்கே பெருவட்டத் தூரம் சுமார் 13,640 கி.மீ. சிங்கப்பூர் வழியில் 2,980-ம் 15,340-ம் சேர்ந்து 18,320. அதாவது 34 சதவீதம் கூடுதல். சென்னை, துபாய் வழியில் 293 + 2,933 + 11,000 = 14,230 கி.மீ., வெறும் நாலு சதவீதம் கூடுதல். ஆக சிங்கப்பூர் வழி அசல் சுற்று வழி. நியூயார்க்குக்கு நேர் எதிர்ப் பக்கம் மூவாயிரம் கி.மீ. போய்விட்டுத் திரும்புகிறீர்கள். 4,000 கி.மீ. வித்தியாசம் என்றால் வானத்தில் கூடுதலாக நாலரை மணி நேரம்.

---

தில்லைநகர்_டிக்கெட்

கோள அண்ணன் சொல்றது சரி. ஆனா அந்த 293 கி.மீ.யை விமானத்துல போறதா கணக்கு போட்டிருக்கார். நம்ம ஆளுங்க பாதிப் பேர் கார்ல கிளம்புவாங்க. ரோட்டுல 330 கி.மீ., ஆறு மணி நேரம், அதுக்கப்புறம் சென்னையில மூணு மணி நேரம் முன்னாடி போய் நிக்கணும். விமானத்துலேயே போனா ரெண்டு இடத்துல மாறணும். சிங்கப்பூர் வழியில வீட்டுலேர்ந்து அரை மணி நேரத்துல விமான நிலையம், மாறறது ஒரே இடம், சாங்கியில தமிழ்லயே போர்டு இருக்கும். மொத்த நேரத்தைக் கூட்டிப் பாத்தா அந்த நாலரை மணி நேரத்துல பெரும்பகுதி காணாமப் போயிடும். பணம்தான் வித்தியாசம். பிரீமியம் எகானமிக்குக் கொடுக்கற காசுல வளைகுடா வழியா ரெண்டு பேருக்கு எகானமி முடிஞ்சிடலாம். தேதி சொல்லி ரெண்டையும் விலை போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எந்த வழின்னாலும் வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே போட்டுடுங்க, விட்டுப்போனா கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியாவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா பதிவாயிருக்கான்னு பாக்கணும். திருச்சியில மட்டும் போட்டிருந்து ஜேஎஃப்கேயில இல்லாம இருக்கறது சகஜம், அங்கதான் இமிக்ரேஷன் வரிசை நீளம்.

---

பொன்மலை_பாபு

பிப்ரவரி 20 வாக்கில் போய் ஏப்ரல் கடைசியில் திரும்புவதாக உத்தேசம். அப்படியென்றால் போகும்போது 13 மணி வித்தியாசம், வரும்போது 12, சரிதானே?

---

தில்லைநகர்_டிக்கெட்

சரிதான். நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல அதுதான். திருச்சிக்குப் போன் பண்றப்ப பத்தரை, அப்புறம் ஒன்பதரை. அமெரிக்கா பக்கம் கோடை அட்டவணை மாறும்போது கிளம்பற நேரமோ சேர்ற நேரமோ ஒரு மணி நகரும், சில சமயம் விமானத்தையே வேற நேரத்துக்கு மாத்துவாங்க. மார்ச் நடுவுல ஒரு தடவை பிஎன்ஆரைத் திறந்து திரும்பற விமான நேரத்தைச் சரி பாத்துக்கோங்க, சாங்கியிலேர்ந்து திருச்சி விமானத்துக்கு இடைவெளி போதுமான்னும் சேத்துப் பாருங்க.